மாலை போட்ட வீட்டில் மீன்குழம்பு வாசம்

வீராம்பட்டினத்துக் கன்னியம்மாள் மூன்றாம் வகுப்புக்கு மேல் படித்தவள் இல்லை. அதை மறைக்கிற வழக்கமும் அவளுக்கு இல்லை. "படிச்சவன் மாசம் பூரா காத்துக் கெடந்து சம்பளம் வாங்குறான். நான் தெனம் மத்தியானமே சம்பளத்த முடிஞ்சிக்கினு வூட்டுக்கு வரேன்" என்று இடுப்புச் சுருக்குப் பையைத் தட்டிக் காட்டுவாள்.

தட்டிக் காட்ட அவளுக்கு உரிமை உண்டு. புருஷன் அரிகிருஷ்ணன் படகில் வழுக்கி விழுந்து இடுப்பு ஒடிந்து படுத்தபோது அவளுக்கு முப்பத்திரண்டு வயது, கையில் இரண்டு பெண் குழந்தைகள். கூடையைத் தூக்கித் தலையில் வைத்தாள். மீன் தண்ணீர் சொட்டுகிறது என்று பஸ்காரன் ஏற்ற மறுத்தான். போடா என்று விட்டுவிட்டு அரியாங்குப்பம் பாலம் தாண்டி, முருங்கப்பாக்கம் தாண்டி, ரெட்டியார்பாளையம் வழியாக மூலக்குளம்வரை நடந்தே போனாள். அப்போது மூலக்குளத்தில் வீடுகளைவிடக் காலி மனைகள்தான் அதிகம். வீடு முளைக்க முளைக்க அவளுக்கு வாடிக்கையும் முளைத்தது. ஐம்பதாவது வயதில் எக்ஸ்எல் வண்டி வாங்கினாள். ஓட்டக் கற்றுத்தரச் சொல்லி யாரையும் கெஞ்சவில்லை. அம்மன் கோயில் தெருவில் தானே மூன்று தடவை விழுந்தாள், நாலாவது தடவை ஓட்டிக்கொண்டே போய்விட்டாள். இரண்டு பெண்களையும் கட்டிக்கொடுத்து, ஓட்டு வீட்டைத் தளம் போட்ட வீடாக்கி, புருஷனுக்கு இன்றைக்கும் மாத்திரை மருந்து குறையாமல் பார்த்துக்கொள்ளும் அந்த அம்மாள் ஒருவர் வாசலிலும் கை நீட்டி நின்றதில்லை. வேட்டி கட்டியவர்களில் எத்தனை பேர் அப்படி நெஞ்சைத் தட்டிச் சொல்ல முடியும்?

ஒரே ஒரு குறை. அவளைக் கேட்டால் அதைத்தான் முதல் பெருமையாகச் சொல்வாள். யாரையும் நம்பமாட்டாள். ஏலத்தில் கூடை எடுத்தால் அடிவரை கைவிட்டுத் துழாவுவாள். சில்லறையை இரண்டு தடவை எண்ணுவாள், கொடுத்தவன் சிரித்தால் மூன்றாவது தடவையும் எண்ணுவாள். "நம்பிக் கெட்டவ ஆயிரம் பேரு. சந்தேகப்பட்டுக் கெட்டவ ஒருத்தியக் காட்டு, பாக்கலாம்" என்பாள்.

அப்படிப்பட்டவள் நம்பிய ஒரே வீடு மூலக்குளத்தில் இருந்தது. ஒரு குறுக்குத் தெருவின் முதல் வீடு, சந்திரகலாவின் வீடு. சந்திரகலாவின் புருஷன் இளஞ்செழியன் தட்டாஞ்சாவடியில் மருந்து பாட்டிலுக்கு மூடி செய்கிற கம்பெனியில் பதினாலு வருஷமாக சூப்பர்வைசர். ஞாயிற்றுக்கிழமை காலை கன்னியம்மாளின் முதல் போணி அந்த வாசலில்தான். சந்திரகலா ஒரு கிலோ வஞ்சிரத்தை எடுத்துக்கொண்டு உள்ளே போனால்தான் தெருவில் மற்ற வீட்டுப் பெண்கள் பாத்திரத்தோடு வெளியே வருவார்கள். "கலாவே எடுத்துட்டாங்கன்னா மீனு நல்லாத்தான் இருக்கும்" என்று பேச்சு.

அதற்கு மேலும் ஒன்று உண்டு. அந்தத் தெருவுக்குப் பொங்கல் சீட்டுப் பிடிப்பவளும் சந்திரகலாதான். இருபத்திரண்டு வீடு மாசம் ஐந்நூறு கட்டும், தை பிறக்கும் முன் அரிசி, வெல்லம், பாத்திரம், மீதிக்கு ரொக்கம் என்று பிரித்துக் கொடுப்பாள். கன்னியம்மாளும் மாசம் ஆயிரம் கட்டினாள். சுருக்குப் பையை விட்டு வெளியே போய் இன்னொருத்தி கையில் தங்கிய பணம் அவள் வாழ்க்கையில் அது ஒன்றுதான்.

தொழிலில் அவளுக்கு ஒரு வித்தை தெரியும். ஒரு வீட்டு நிலவரத்தை அந்த வீடு வாங்கும் மீனைப் பார்த்தே சொல்லிவிடுவாள். வஞ்சிரம் வாங்குகிற வீடு சங்கராவுக்கு இறங்கினால் பிள்ளைக்குப் பள்ளிக்கூடப் பணம் கட்டியிருக்கிறார்கள். சங்கராவிலிருந்து மத்திக்கு இறங்கினால் சம்பளம் தள்ளிப்போகிறது. மத்தியும் போய்ப் பொடிமீனான காரப்பொடி கேட்டால் நகை அடகுக்குப் போயாகிவிட்டது. படி படியாகத்தான் வீடு இறங்கும், ஒரே குதியாக எந்த வீடும் இறங்காது. இருபத்தாறு வருஷத்தில் இந்தக் கணக்கு ஒருநாளும் பொய்த்ததில்லை என்பாள். திடீரென்று அடியோடு நிறுத்துகிற வீடு என்றால் அதற்கு ஒரே அர்த்தம்தான்: வேறு ஆளிடம் வாங்குகிறார்கள்.

போன புரட்டாசி முடிந்த முதல் ஞாயிறு. ஒரு மாசம் கவிச்சி தொடாத ஊர் மொத்தமும் மீனுக்குப் பறக்கிற நாள். கன்னியம்மாள் சந்திரகலாவுக்கென்று நடுத்துண்டாக வஞ்சிரத்தை எடுத்து வைத்துக்கொண்டு வாசலில் ஹாரன் அடித்தாள். சந்திரகலா வந்தாள், கேட்டைத் திறக்கவில்லை.

"இன்னாம்மா கலா, சட்டி எங்க?"

"இல்லம்மா. சஷ்டிக்கு விரதம் எடுத்திருக்கோம்."

"சஷ்டியா? தீபாவளியே இன்னும் வரலியேம்மா!"

"நாப்பத்தெட்டு நாள் விரதம். வேண்டுதல்."

சொல்லிவிட்டு அவள் உள்ளே போன வேகம் கன்னியம்மாளுக்குப் பிடிக்கவில்லை. அன்றைக்குத் தெருவில் மூன்று வீடுகள் சட்டியோடு வரவில்லை. எடுத்து வைத்த வஞ்சிரம் ஐஸ் பெட்டியிலேயே திரும்பியது.

அவளுக்கு முத்துவேல் மேல் சந்தேகம். அவளுடைய பங்காளி மகன்தான். கைபேசியில் மீன் படம் அனுப்பி, வெட்டிக் கழுவிப் பிளாஸ்டிக் டப்பாவில் அடைத்து வீட்டுக்கே கொண்டுபோய்க் கொடுக்கிறவன். ஏற்கெனவே பக்கத்துத் தெருவில் நாலு வீட்டைத் தட்டிக்கொண்டு போயிருந்தான். மறுநாள் விடியற்காலை தேங்காய்த்திட்டு துறைமுகத்தில் அவன் சட்டையைப் பிடித்தாள்.

"ஏன்டா, மூலக்குளம் மொத வூட்டுக்கு டப்பா போடுறியா?"

"எந்த மொத வூடு பெரியம்மா? அந்தத் தெருவுக்கே நான் வரதில்ல."

"அம்மன் மேல சொல்லு."

"செங்கழுநீர் அம்மன் மேல சத்தியமா. வேணும்னா போனப் பாத்துக்க, எல்லா ஆர்டரும் இதுல இருக்கு."

போனை வாங்கிப் பார்த்தாள். இங்கிலீஷில் பூச்சி பூச்சியாக ஓடியது. "ஆமா, எனக்குப் படிக்கத் தெரியாதுன்னு தெரிஞ்சிதானே காட்டுற?" என்று திருப்பிக் கொடுத்தாள். அம்மன் பேரில் சத்தியம் செய்தவனைச் சந்தேகப்படுவது பாவம்தான். ஆனால் பாவம் பார்த்தால் தொழில் என்னாவது?

அடுத்த ஞாயிறும் விரதம். அதற்கடுத்ததும் விரதம். கன்னியம்மாள் எதிர்வீட்டு சத்யப்பிரியாவிடம் மெல்லப் பேச்சுக் கொடுத்தாள். சத்யப்பிரியா பாங்கு ஊழியரின் மனைவி, தெருவில் நடப்பது எதுவும் அவள் ஜன்னலுக்குத் தப்பாது.

"ஏம்மா, கலா வூட்டுக்கு எந்த மீன் வண்டியாவது வருதா?"

"வண்டி எதுவும் நான் பாக்கல. ஆனா ஞாயித்துக்கெழம ஆச்சுன்னா பதினோரு மணிக்கெல்லாம் மீன்கொழம்பு வாசன தூக்குது. எங்க வீட்டு ஹால் வரைக்கும் வருது."

"விரதம்னு சொல்லிச்சே!"

"விரதமா?" சத்யப்பிரியாவின் புருவம் ஏறியது. "எங்கிட்ட ஒண்ணும் சொல்லலயே."

கன்னியம்மாள் ஐஸ் பெட்டி மூடியை அறைந்து சாத்தினாள். தன்னிடம் ஒரு பேச்சு, அடுப்பில் ஒரு பேச்சா? "சாமி பேரச் சொல்லி என்னை ஏமாத்துதும்மா. எவன்கிட்டயோ களவா வாங்கித் தின்னுது" என்று பொரிந்து தள்ளினாள். அன்று அவள் வண்டி தெருமுனை தாண்டும் முன்பே அந்தப் பேச்சு ஐந்து வீட்டுக்குப் போய்விட்டது.

கார்த்திகை பிறந்தது. சஷ்டி எப்போதோ முடிந்துபோயிருந்தது. அந்த ஞாயிறு சந்திரகலா கேட்டுக்கு அந்தப் பக்கம் நின்று, "அவரு சபரிமலைக்கு மாலை போட்டிருக்காரும்மா. மகரஜோதி வரைக்கும் மீனு வேணாம்" என்றாள்.

அவள் சொல்லி வாய் மூடவில்லை, இளஞ்செழியன் பைக்கைத் தள்ளிக்கொண்டு வெளியே வந்தான். கழுத்தில் மாலை இல்லை. இடுப்பில் கறுப்பு வேட்டி இல்லை. காலில் செருப்பு இருந்தது. முகத்தைச் சுத்தமாக மழித்திருந்தான். மாலை போட்ட எந்த சாமி கன்னத்தில் பிளேடு வைப்பார்? கன்னியம்மாள் அவனை மேலும் கீழும் பார்த்தாள். அவன் குனிந்த தலை நிமிராமல் வண்டியை உதைத்துக்கொண்டு போனான். சந்திரகலாவின் முகம் வெளுத்ததையும் அவள் பார்த்துவிட்டாள்.

வழியெல்லாம் புதிதாக ஒரு பயம் அவளைப் பிடித்துக்கொண்டது. மீன் போனால் போகிறது. இப்படி வாய் கூசாமல் சாமி பேரில் பொய் சொல்கிறவளிடம் மாசம் ஆயிரம் ரூபாய் கட்டிக்கொண்டிருக்கிறோமே! பொங்கலுக்கு இன்னும் இரண்டு மாசம்கூட இல்லை. ராத்திரியோடு ராத்திரியாக வீட்டைக் காலி செய்துகொண்டு போனால்?

அடுத்த ஞாயிறு கையும் களவுமாகப் பிடித்தே தீருவது என்று முடிவு கட்டினாள். வியாபாரத்தை முடித்து வண்டியைத் தெருமுனையில் நிறுத்திவிட்டு, பதினோரு மணிக்கு நடந்து வந்தாள். சத்யப்பிரியா சொன்னது பொய்யில்லை. புளி, மிளகாய்த்தூள், வெந்தயம், பூண்டு. அசல் மீன்குழம்பு கொதிக்கிற வாசம் சுவர் தாண்டி வந்தது. பக்கவாட்டுச் சந்து வழியாகச் சமையலறை வாசலுக்கே போய் நின்றாள்.

"கலா! மாலை போட்ட வூட்டுல இன்னாம்மா கொதிக்குது?"

சந்திரகலா திரும்பினாள். கரண்டி கையிலிருந்து நழுவித் தரையில் விழுந்தது. தட்டு வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்த மகள் சிந்துஜா, "ஆயா, நீங்களா?" என்றாள்.

கன்னியம்மாள் நேராக அடுப்புக்குப் போய், தரையில் கிடந்த கரண்டியை எடுத்துக் கழுவிச் சட்டிக்குள் விட்டாள். வட்ட வட்டமாகத் துண்டுகள் மிதந்தன. நடுத்துண்டு வஞ்சிரம் போலவே ஒரே கனம். வெற்றியோடு ஒன்றை எடுத்து ஊதி வாயில் போட்டாள்.

வாழைக்காய்.

அப்போதும் நம்பவில்லை. அடியில் ஒளித்திருப்பாள் என்று சட்டியின் அடிவரை துழாவினாள். வாழைக்காய், கத்தரிக்காய், பூண்டு. ஒரு செதில்கூட இல்லை. இருபத்தாறு வருஷமாக மீன் மூச்சையே மூச்சாக விட்டவள், வெறும் மசாலாவைப் போய் மீன் என்று நம்பி ஒன்றரை மாசம் அலைந்திருக்கிறாள்.

"திருப்தியா?" என்றாள் சந்திரகலா.

"இன்னாம்மா இது?"

"எதிர்வீட்டுக்கு வாசன போவணும்ல? ஞாயித்துக்கெழம எங்க வீட்டுல மீன் வாசன வரலைன்னா ஏன்னு கேப்பாங்க." மகளை முன்னறைக்குப் போகச் சொன்னாள். பிறகு குரலை இறக்கினாள். "கம்பெனி மூடிட்டாங்கம்மா. ஆயுத பூசைக்கு மெஷினுக்கெல்லாம் பொட்டு வச்சி, பொரி சுண்டல்லாம் குடுத்து அனுப்பினாங்க. லீவு முடிஞ்சி போனா கேட்டுல பூட்டு. மூணு மாச சம்பளமும் நின்னுபோச்சு. இப்ப எங்கியோ மூட்ட ஏத்தப் போறாரு. அதுவும் வாரத்துல மூணு நாளு."

"அத எங்கிட்டச் சொல்றதுக்கு இன்னா? மத்தி வாங்கியிருக்கலாமே. நூறு ரூபாய்க்கு அள்ளிப் போட்டிருப்பேனே!"

சந்திரகலா சிரித்தாள். நல்ல சிரிப்பு இல்லை.

"மத்தி கேட்டிருந்தா தெரு பூரா சொல்லியிருப்பீங்க. போன வருஷம் கோடி வீட்டு ராஜா சார் வஞ்சிரத்துலேருந்து காரப்பொடிக்கு வந்தாரு. 'சாருக்கு எங்கியோ இடிக்குது'ன்னு என் வாசல்ல நின்னுக்கினு சொன்னது யாரு? அதுக்குத்தான் ஒரேயடியா நிறுத்தினேன். விரதம்னா ஒண்ணும் கேக்க மாட்டீங்கன்னு நெனச்சேன்."

கன்னியம்மாள் கரண்டியைச் சட்டி விளிம்பில் மெல்ல வைத்தாள். ஆனாலும் பழகின புத்தி எங்கே போகும்? "சீட்டுப் பணம்?" என்று கேட்டேவிட்டாள்.

கேட்டதும் சந்திரகலாவின் கண் சிவந்தது. உள்ளே போய்த் தபால் ஆபீஸ் பாஸ்புக்கைக் கொண்டுவந்து அவள் முகத்துக்கு நேரே விரித்தாள். எழுத்துதான் கன்னியம்மாளுக்குத் தகராறு, எண் இல்லை. விரல் வைத்து மேலிருந்து கீழ்வரை கூட்டிப் பார்த்தாள். ஒரு மாசம் தவறவில்லை. எடுத்ததாக ஒரு வரியும் இல்லை. லட்சத்துக்கு மேல் பணம் தபால் ஆபீசில் இருக்க, இவள் வாழைக்காயை வட்டமாக நறுக்கிக்கொண்டிருக்கிறாள்.

"அவருக்கு வேல போச்சுன்னு தெரிஞ்சா அத்தன பேரும் ஒரே நாள்ல வந்து நிப்பாங்க. குடுத்துடலாம், காசு இருக்குது. ஆனா 'அவசரத்துக்கு எடுத்துத் தின்னுட்டு எங்கியோ பொரட்டிக் குடுத்தா'ன்னுதான் பேச்சு நிக்கும். அதுக்கப்புறம் இந்தத் தெருவுல நான் எப்படித் தலை காட்டுறது? பொங்கலுக்குப் பிரிச்சிக் குடுத்துட்டா நானே சொல்லிடுவேன். அது வரைக்கும் வாயக் கட்டுங்க போதும்."

கன்னியம்மாள் தலையை ஆட்டிவிட்டு வந்தாள். வாயைக் கட்டிவிடலாம். ஆனால் ஏற்கெனவே அவிழ்த்து விட்டதை?

அடுத்த ஞாயிறு அது அவளுக்காகத் தெருவில் காத்துக்கொண்டிருந்தது. வண்டியை நிறுத்தியதும் சத்யப்பிரியாவும் நாலைந்து பெண்களும் சூழ்ந்துகொண்டார்கள்.

"நீங்க சொன்னது சரிதான் மீன்காரம்மா. மாலைன்னு சொல்லிக்கினு கொழம்பு வைக்கிறாங்க. அவரும் பேன்ட் சட்டையோட கெளம்புறாரு, ஆனா பையில லுங்கி வச்சி எடுத்துக்கினு போறாரு. என்னமோ நடக்குது" என்றாள் சத்யப்பிரியா. "சாமி விஷயத்துலயே பொய் சொல்றவங்க பண விஷயத்துல சொல்ல மாட்டாங்களா? இன்னிக்கே போய் சீட்டுப் பணத்தக் கேட்டுடலாம்னு இருக்கோம்."

"ஆமா, நம்ம காசு நமக்கு முக்கியம்" என்றது இன்னொரு குரல்.

கன்னியம்மாள் ஐஸ் பெட்டி மூடியைத் திறப்பதும் மூடுவதுமாக நின்றாள். விதை அவளுடையது. தன் கண்ணால் பார்த்த பாஸ்புக்கைப் பற்றிச் சொன்னால் பார்க்க வேண்டிய அவசியம் ஏன் வந்தது என்று கேட்பார்கள். ஒரு பொய்யைச் சந்தேகம் தின்னாமல் இருக்க வேண்டுமென்றால் அதைவிட ருசியான வேறு தீனி போட வேண்டும். அது அவளுக்குத் தெரியும். எதைப் போடுவது என்பதும் தெரிந்தது. 

"அட, மாலையும் இல்ல, ஒண்ணும் இல்லம்மா. கலாவுக்கு எம்மேல கோவம்."

"உங்க மேலயா? ஏன்?"

"புரட்டாசிக்கு முன்ன நான் குடுத்த வஞ்சிரம்..." நிறுத்தினாள். முப்பத்திரண்டு வயதிலிருந்து இந்த வாயில் வராத வார்த்தை. "பழசு. மூணு நாள் ஐஸ் மீன புதுசுன்னு தள்ளிட்டேன். மூஞ்சிக்கு நேரா சொல்ல மனசில்லாம அது விரதம், மாலைன்னு சொல்லிச்சு. டப்பாக்காரன் ஒருத்தன் வரான், முத்துவேல்னு. அவன்கிட்ட வாங்கிக்குது போல. நல்லா சுத்தமாத்தான் தரான்."

 அந்த நேரம் பார்த்து சந்திரகலாவின் கேட் திறந்தது. எவ்வளவு நேரமாக உள்ளே நின்று கேட்டாளோ, தெரியாது. நிதானமாக நடந்து வந்தாள்.

"சொல்லிட்டாங்களா?" என்றாள் எல்லோரையும் பார்த்து. "நான் சொல்ல வேணாம்னுதான் பொறுமையா இருந்தேன். ஒரு வாயி வச்சதுதான், சிந்துஜா ராத்திரி பூரா வாந்தி."

கன்னியம்மாள் திடுக்கிட்டு நிமிர்ந்தாள். வாந்தியா! பழசு என்று அவள் சொன்னது தன் வாயால். வாந்தியை யார் கேட்டது?

"ஆஸ்பத்திரிக்கு அழைச்சிக்கினு போயி ஊசி போட்டுத்தான் நின்னுச்சு" என்று சந்திரகலா மேலும் ஒரு செங்கல் வைத்தாள். "பாவம், வயசானவங்க, பொழப்பு போயிடக்கூடாதுன்னு ஒருத்தர்கிட்டயும் மூச்சு விடல."

"வயசானவளா!" என்று கன்னியம்மாளுக்கு நாக்கு நுனிவரை வந்தது. சந்திரகலாவின் கைகளைப் பார்த்தாள். அவை புடவைத் தலைப்பைச் சுருட்டி இறுக்கிப் பிடித்திருந்தன. வந்த வார்த்தையை விழுங்கினாள்.

"ஐயோ பாவம் கலா, சொல்லியிருக்கலாமே" என்று சத்யப்பிரியா அவள் தோளைத் தொட்டாள். சீட்டைப் பற்றி யாரும் மறுபடி பேசவில்லை. பேச வேறு விஷயம் கிடைத்துவிட்டது. சத்யப்பிரியா பெட்டிக்குள் குனிந்து ஒரு சங்கராவின் செவுளை விரலால் விரித்துப் பார்த்தாள். ரத்தச் சிவப்பாக இருந்தது. அப்படியும் மூக்கருகே கொண்டுபோய் முகர்ந்து, கீழே வைத்தாள்.

"இன்னிக்கு வேணாம்மா. அவரு கறி வாங்கியாரேன்னாரு."

மற்றவர்களும் ஒவ்வொருவராகச் சட்டியோடு உள்ளே போனார்கள். கன்னியம்மாள் வண்டியை உதைத்தாள். வில்லியனூர் ரோட்டில் ஏறும்வரை அவளுக்குள் கோபம் கோபமாக வந்தது, சத்யப்பிரியா மேலா, சந்திரகலா மேலா, தன் வாய் மேலேயா என்று பிரிக்க முடியாத கோபம். விடியற்காலை நாலு மணிக்கு ஏலத்தில் சண்டை போட்டு எடுத்த மீன்.

இரண்டு நாள் கழித்துத் துறைமுகத்தில் முத்துவேல் பல்லெல்லாம் தெரிய வந்தான்.

"பெரியம்மா, அதிசயத்தக் கேளு. மூலக்குளம் அந்தத் தெருவுலேருந்து அஞ்சி ஆர்டர் புதுசா வந்திருக்கு. அந்தப் பக்கம் நான் நோட்டீஸ்கூட போட்டதில்ல. யாரு சொல்லியிருப்பாங்க?"

"யாரோ புண்ணியவதி" என்றாள் கன்னியம்மாள். அவன் எடுத்து வைத்திருந்த கூடைக்குள் கையை விட்டு அடிமீன் ஒன்றைத் தூக்கிப் பார்த்தாள். "இந்த மீனு அந்தத் தெருவுக்கு ஆவாது, மாத்திப் போடு. அங்க எல்லாம் சந்தேகப் பிராணிங்க."